வெயில் ஊரில் விறகு அடுப்பு விற்றவள்

கடையில் நிற்கிற வேலை என்றால் வராத ஆளுக்காக வாசலைப் பார்ப்பதும், வந்த ஆள் போகிறவரை வாயை அடக்குவதும்தான். அதிலும் வருஷம் முழுக்க வெயில் கொளுத்துகிற ஜொகூரில் விறகு அடுப்பு விற்கிற கடை என்றால் கேட்கவே வேண்டாம்.

சிரிக்காதீர்கள். துணிக்கடையிலோ கைப்பேசிக் கடையிலோ கால் கடுக்க நின்றவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் என் பாடு புரியும். ஜொகூர் தெப்ராவில் அலமாரி அடித்துக் கொடுக்கிற ஒரு கபினெட் கடை. முதலாளி சீனர், நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுவோம். நான் பல வருஷம் அங்கே பின்பக்க ஸ்டோரில் இருந்தேன். ஜன்னல் கிடையாது. கீலும் கைப்பிடியும் ஸ்க்ரூவும்தான் பேச்சுத்துணை. எனக்கோ ஒரு இடத்தில் உட்கார்ந்தால் கால் குறுகுறுக்கும், நாலு பேரிடம் பேசாவிட்டால் சோறு செரிக்காது.

ஒருநாள் துணிந்து தவுக்கேயிடம் சொன்னேன். “எல்லாரும் பங்களா மாதிரி வீடு கட்டுறாங்க. கண்ணாடிக் கதவு போட்ட விறகு அடுப்பு ஒண்ணு வரவழைங்க. அதுக்கு மேல சுவத்துல பலகை நாம அடிச்சுக் கொடுக்கலாம்.” மனுஷன் என்ன நினைத்தாரோ, வரவழைத்துவிட்டார். கன்னங்கரேல் என்று இரும்பு அடுப்பு, கூரை வரைக்கும் புகைக்குழாய். அதற்கு ஏற்ற பலகையை வாடிக்கையாளருக்குத் தேர்ந்து கொடுப்பது என் பொறுப்பு. பலகை அடுப்பைவிட அகலமாக இருக்க வேண்டும். தாழ்ந்தால் மரம் கருகும், உயர்ந்தால் பார்க்க அநாதை மாதிரி இருக்கும். இதையெல்லாம் படித்து வைத்துக்கொண்டு கடையின் முன்பக்கம் வந்து நின்றேன். அப்பாடா, வெளிச்சம்!

அன்றைக்கே தவுக்கே சொன்னார்: “சீனப் பெருநாளுக்குள்ள இந்த அடுப்பு போகணும், கலா. போகலன்னா இந்த மூலைக்கு டாய்லெட் பேசின் வரும். நீ ஸ்டோருக்குப் போ.”

மாமாவுக்கு இடம் இல்லை

முதலில் வந்தது ஒரு தம்பதி. புது வீடு, பால் காய்ச்சி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கணவருக்கு அடுப்பைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, சின்னப் பிள்ளை மாதிரி விளையாடினார். எனக்குள் மத்தளம் அடித்தது. அந்த அம்மா மட்டும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதுல சாமி வைக்கலாமா?” என்றார். “தாராளமா வைக்கலாம்க்கா” என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “நடுவுல முருகன், இந்தப் பக்கம் பிள்ளையார், அந்தப் பக்கம் எங்க மாமா படம். மாலை, சீரியல் பல்பு எல்லாம் இருக்கு” என்று அவர் கையாலேயே காற்றில் அடுக்கிக் காட்டினார்.

பிளாஸ்டிக் மாலை, சீரியல் பல்பு, கீழே நெருப்பு. உருகி வழிந்தால் யார் பதில் சொல்வது? சூடு மேலே ஏறும், பூவும் பல்பும் தாங்காது என்று மெதுவாகச் சொன்னேன். கணவர் உடனே, “அப்பா படத்த மட்டும் ஹால்ல வேற எடத்துல வெச்சுக்கலாம்” என்றார். அந்த அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அடுப்பே அணைந்துவிடும். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: “எங்க மாமா உசுரோட இருந்தப்பவே ஃபேன் இல்லாம உட்கார மாட்டாரும்மா. செத்த பெறகு அவர அடுப்பு மேல உட்கார வெக்கிறீங்களே, கேக்க ஆள் இல்லன்னா?”

இரண்டு டேப்

அடுத்து வந்தவர் ஓய்வுபெற்ற பெரியவர், கூடவே சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன். மகன் அவசரக்காரர், சிங்கப்பூர்ப் பாலம் நெரிசல் ஆவதற்குள் போக வேண்டுமாம். “அடுப்பு ஓகே. பலகைய அளந்து வெட்டுங்க, போலாம்” என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

எங்கள் தவுக்கேயிடம் ஒரு டேப் உண்டு. சீனத் தச்சர்கள் வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள்: சிவப்பு எழுத்து விழுகிற அளவு நல்லது, கறுப்பு விழுந்தால் ஆகாது. அடுப்புக்குப் பொருத்தமான நீளம் கறுப்பில் விழுந்தது. தவுக்கே உதட்டைப் பிதுக்கி, கொஞ்சம் நீட்டிச் சிவப்புக்குக் கொண்டு போனார். உடனே பெரியவர், “அந்த நீளம் மனையடி சாஸ்திரத்துல ஆகாது, வறுமை” என்றார். “அது ரூமுக்குத்தானே அங்கிள், பலகைக்குமா பார்க்கணும்?” என்றேன். “நெருப்பு இருக்கிற எடம்மா, எல்லாத்துக்கும் பார்க்கணும்” என்றார். தவுக்கே இழுக்க, பெரியவர் மறுக்க, பெரியவர் சொல்ல, தவுக்கே தலையாட்ட, மகன் கைக்கடிகாரத்தைப் பார்க்க, எனக்குக் குளிரூட்டி இருந்தும் வேர்த்துக் கொட்டியது.

கடைசியில் ரெண்டு பேருக்கும் ஒத்துவந்த நீளம் ஒன்று கிடைத்தது. கை குலுக்கிக்கொண்டார்கள். ஆனால் அந்த நீளத்துக்குப் பலகை அடித்தால் அவர்கள் வீட்டு ஹால் கதவைத் திறக்க முடியாது. பெரியவர் தவுக்கே கையிலிருந்த டேப்பை வாங்கிச் சுருட்டினார். பிறகு ரொம்பப் பொறுமையாகக் கேட்டார்: “பலகையில கை வெக்க வேணாம்மா. சுவத்தக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமா?”

பொம்பா வந்த கதை

எரியாத அடுப்பை எவன் வாங்குவான், ஒரு தரம் பற்ற வைத்துக் காட்டுவோம் என்று தவுக்கேயை நச்சரித்தேன். சனிக்கிழமை மத்தியானம், குளிரூட்டியை முடிந்த மட்டும் கூட்டிவைத்து, ரப்பர் விறகு போட்டுப் பற்ற வைத்தோம். அலமாக், என்ன அழகு! கண்ணாடிக்குப் பின்னால் தீ ஆடியது. பலகைக்கு அடியில் கை வைத்துப் பார்த்தேன், இளஞ்சூடுதான். என் கணக்கு சரி. பெருமையில் கடைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

கடைவீட்டுக் கூரையில் புகை வருவதைப் பார்த்து யாரோ போன் போட்டுவிட்டார்கள். சைரன் அலற, தீயணைப்பு வண்டி வாசலில். நாங்கள் சொல்கிற பொம்பாதான். தெருவே திரண்டுவிட்டது. இத்தனை கூட்டம் எங்கள் கடைக்கு என்றைக்குமே வந்ததில்லை, ஆனால் ஒருத்தரும் விலை கேட்கவில்லை. பெரிய தொப்பி போட்ட மலாய்க்காரத் தம்பி உள்ளே வந்து, அடுப்பைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், வெளியே கொளுத்துகிற வெயிலைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. பரிதாபமாகக் கேட்டார்: “கக், தா சுக்குப் பானாஸ் கெ?” அக்கா, இருக்கிற சூடு போதலையா என்று.

டீச்சரின் குடில்

அதற்குப் பிறகு தவுக்கே பேசின் படம் போட்ட புத்தகத்தை மேசையில் வைத்துப் புரட்ட ஆரம்பித்தார். ராத்திரி சரியாகத் தூக்கமில்லை. பகலில் கடை வாசலில் கார் நின்றால் எழுந்துவிடுவேன், அடுத்த கடைக்கு வந்த காராக இருந்தாலும்.

அந்தச் சமயத்தில் வந்தவர்தான் பிலோமினா டீச்சர். கிறிஸ்துமஸ் நெருங்குகிறது, ஹாலில் குடில் வைக்க நல்ல இடம் வேண்டும் என்றார். பலகையைத் தடவிப் பார்த்து, “இதுக்கு மேல குடில், கீழ நெருப்பு. படத்துல வர்ற மாதிரி இருக்கும்” என்று கண்ணை மூடிக்கொண்டார். குடில் எதனால் செய்வீர்கள் என்று கேட்டேன். காய்ந்த லாலாங் புல்லாம்! மாட்டுக் கொட்டகை தத்ரூபமாக வரும் என்றார். டீச்சர், ஒரு பொறி பறந்தால் குழந்தை யேசுவுக்கு ஆபத்து என்றேன். அவர் அசரவில்லை. அடுப்பின் கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். “நல்ல எடம். கண்ணாடி இருக்கு, தூசி படாது, பூனை ஏறாது. குடில அடுப்புக்குள்ள வெச்சிட்டா, மேல பலகையில மெழுகுவத்தி வெச்சுக்கலாம் இல்ல?”

பெக்கான் நானாஸில் ஸ்காட்லாந்து

கடைசியில் கடவுள் கண் திறந்தார். பெக்கான் நானாஸில் அன்னாசித் தோட்டம் வைத்திருக்கிற முனியாண்டி அண்ணன் வந்தார். தோட்டத்துக்குள் சிங்கப்பூர்க்காரர்கள் வந்து தங்க ஹோம்ஸ்டே கட்டியிருக்கிறார். ஹாலில் விறகு அடுப்பு எரிய வேண்டுமாம். “சூடா இருக்காதாண்ணே?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். வலிய வந்த சீதேவியை நானே விரட்டப் பார்க்கிறேனே! அவர் சாமி படம் பேசவில்லை, சாஸ்திரம் பேசவில்லை.

நானே கூடப் போய் நின்று பொருத்தினேன். நல்ல கனமான செங்கால் மரப் பலகை. சுவரில் குறி போட்டு, அழித்து, மறுபடி குறி போட்டு, அடுப்புக்கும் பலகைக்கும் இடைவெளி இம்மியும் பிசகாமல் வைத்தேன். வேலை முடிந்ததும் அண்ணன் ரிமோட்டை எடுத்துக் குளிரூட்டியை அமுக்கு அமுக்கு என்று அமுக்கினார். பற்கள் தந்தியடித்தன. விறகைப் பற்ற வைத்தார், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார், கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னார்: “வெளிய ஜொகூர், உள்ள ஸ்காட்லாந்து. கரண்ட் பில்லு வரட்டும், அப்பறம் அழுதுக்கலாம்லா!”

பலகை மேலே போகிறது

சீனப் பெருநாளுக்குச் சிவப்பு விளக்கு மாட்டிக்கொண்டிருந்தோம். முனியாண்டி அண்ணனிடமிருந்து போன் வந்தது. “கலாம்மா, ஒரு அதிசயம். பலகை மேல போய்க்கிட்டே இருக்கு. வீட்டுக்குள்ள ஒரே பொகை.” தவுக்கே வேனை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன்.

போய்ப் பார்த்தால், பலகை வைத்த இடத்தில் சிலை மாதிரி இருக்கிறது. அடுப்புதான் சாண் அளவு கீழே இறங்கியிருந்தது. புகைக்குழாய் மூட்டு விட்டுப் பிளந்திருந்தது. பெக்கான் நானாஸ் மண் கருப்பு மண், பஞ்சு மாதிரி அமுங்கும். சுவர் ஆழமான தூணில் நிற்கிறது. அடுப்புக்கு மட்டும் தனியாகச் சிமெண்டு மேடை போட்டு, மண்மேல் உட்கார வைத்திருந்தோம். சுவரை அத்தனை தரம் அளந்த நான், தரையைக் குனிந்து பார்க்கவே இல்லை. “இங்க மண்ணு எறங்க எறங்க வாசப்படிய ஒண்ணொண்ணா கூட்டிக்கிட்டே போவோம்” என்றார் அண்ணன் சாவகாசமாக. “முன்னாடியே சொல்லக் கூடாதாண்ணே?” என்றேன். “நீங்க கேக்கலையேம்மா” என்றார்.

அடுப்பை வேனில் ஏற்றினார்கள். எனக்கு ஸ்டோரின் ட்யூப் லைட் கண்முன் மினுக்கியது. பலகையையும் கழற்றலாம் என்று நாற்காலி போட்டு ஏறினேன். அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். பலகையில் வரிசையாகப் பழுத்த அன்னாசி, ஓரத்தில் ஒரு வேல், வந்து போன பிள்ளைகள் எழுதி வைத்த அட்டைகள். “அதுல ஏன் கை வெக்கிறீங்க?” என்று அண்ணன் ஓடி வந்தார். “வர்ற ஆளுங்க எல்லாம் அது முன்னாலதான் படம் எடுக்குறாங்க. எறங்கும்மா கீழ.” நான் இறங்கினேன். அவர் தவுக்கேயைப் பார்த்துச் சொன்னார்: “கனமான அடுப்பு எங்க மண்ணுல நிக்காது தவுக்கே. இந்தம்மா வெச்ச பலகை நிக்குது பாருங்க. மத்த ரூமுக்கெல்லாம் ஒண்ணொண்ணு அடிச்சுடுங்க.”

தவுக்கே பாக்கெட்டிலிருந்து சிவப்பு கறுப்பு டேப்பை எடுத்தார். திரும்பி வருகிற வழியில், அடுப்பு வேண்டாம் பலகை மட்டும் போதுமா என்று பழைய ஆட்களுக்குப் போன் போடச் சொன்னார். மாமா இப்போது நெருப்பில்லாத பலகையில் சீரியல் பல்போடு சௌக்கியமாக இருக்கிறார். டீச்சர் வீட்டிலும் பலகை ஏறிவிட்டது. பெரியவர் மட்டும் இன்னும் அளந்துகொண்டிருக்கிறார். பேசின் புத்தகத்தைக் காணோம். அடுப்பு பழையபடி மூலைக்கே வந்துவிட்டது. அதற்கு மேலே நாலு பலகை மாதிரிக்கு மாட்டியிருக்கிறோம், அடுப்புக்குள்ளே என் சாப்பாட்டுப் பை இருக்கிறது.

ஆகவே என்னைப் போல நின்று பிழைக்கும் சகோதர சகோதரிகளே, எந்தக் கடையிலாவது எரியாத அடுப்பு ஒன்று மூலையில் கிடந்தால் சிரித்துவிடாதீர்கள், அதன் புண்ணியத்தில் யாரோ ஒருத்தி ஸ்டோருக்குப் போகாமல் வாசலைப் பார்த்து நின்றுகொண்டிருப்பாள்.