துணியைத் தூக்காத கைகள்

இதை எழுதுகிறவன் கழுகு அக்காவை முதலில் பார்த்தது, அவர் ஓர் ஆளைக் ‘கொன்ற’ அன்றுதான். ஆள் என்றால் ரப்பர் கை. தையல் கம்பெனியின் சாப்பாட்டுக் கூடத்தில் இவன் நடத்திய முதலுதவிப் பயிற்சி. ரப்பர் கையிலிருந்து பீய்ச்சும் சிவப்புத் தண்ணீரைத் துணி வைத்து அழுத்தி நிறுத்த வேண்டும். அக்கா அழுத்தினார், உடனே துணியைத் தூக்கிப் பார்த்தார். மறுபடி அழுத்தினார், மறுபடி தூக்கினார். மேசையெல்லாம் சிவப்பு.

“உறைய ஆரம்பிக்கிற ரத்தத்தை நீங்களே பிச்சு விடுறீங்கக்கா. ஆள் போயிட்டாரு” என்று சொல்ல வேண்டியதாயிற்று.

“பார்க்காம எப்படித் தம்பி தெரியும், நின்னுச்சா இல்லையான்னு?”

கூடமே சிரித்தது. அக்கா அங்கே செக்கர். தைத்து வரும் சட்டையைப் புரட்டி, மடிப்பைத் தூக்கி, விட்டுப்போன ஒற்றைத் தையலைக்கூடப் பிடித்துவிடுவார். கழுகு என்ற பெயரே அதனால் வந்ததுதான். வீட்டிலும் அதே கதை. “அடுப்புல வெச்ச சோத்தை என்னிக்காவது நிம்மதியா வேக விட்டிருக்கியா? மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறவளுக்கு எதுக்கு இந்த முதலுதவி வேலை?” என்றார் லாரி ஓட்டும் கணவர்.

அக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சாப்பாட்டு இடைவேளைகளில் பக்கத்து மேசைப் பெண்ணின் கையில் துணியை வைத்து அமுக்கிக்கொண்டு, பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். “விடுக்கா, கை மரத்துப் போச்சு. நான் சாப்பிட வேணாமா?” என்று அவள் கெஞ்சும்வரை பிடி தளராது.

கட்டிங் மாஸ்டருக்கும் அக்காவுக்கும் ஏழாம் பொருத்தம். அளவு பிசகிய துணியை அக்கா திருப்பி அனுப்புவார். மாஸ்டர் வந்து கத்திவிட்டுப் போவார். ஒரு திங்கட்கிழமை காலை, கத்தி மெஷினில் துணி சிக்கிக்கொண்டது. மாஸ்டர் இரும்புக் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, மெஷினை நிறுத்தாமலே கையை நீட்டினார். மணிக்கட்டுக்கு மேலே, உள்பக்கம், ஆழமாகக் கிழிந்தது. ரத்தம் விட்டுவிட்டுத் தெறித்தது.

“மெஷினை நிறுத்துங்க! அவரைப் படுக்க வைங்க! ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க!”

கத்திக்கொண்டே ஓடிவந்த அக்கா, முதலுதவிப் பெட்டியிலிருந்த கையுறையை மாட்டிக்கொண்டார். வெட்டி அடுக்கியிருந்த துணியில் ஒரு கொத்தை அள்ளிக் காயத்தில் வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கினார்.

“ஐயோ, அது நாளைக்குப் போக வேண்டிய ஆர்டரும்மா!” சூப்பர்வைசர் பதறினார்.

“மாஸ்டர் இன்னிக்கே போயிடக் கூடாதுல்ல சார்? இன்னொரு கொத்து எடுத்துக் குடுங்க!”

அவர் எடுத்துக் கொடுத்தார். முதல் துணி தொப்பலாக நனைந்திருந்தது. “அதை எடுத்துட்டு வேற வை” என்றது ஒரு குரல். “காபித்தூள் வைங்க” என்றது இன்னொன்று. யாரோ தண்ணீர் பாட்டிலோடு வந்தார்கள்.

“எதையும் எடுக்கக் கூடாது. மேலயே வைக்கணும். தூளும் வேணாம். தண்ணியும் குடுக்காதீங்க, ஆபரேஷன் பண்ண வேண்டி வரும். போர்த்துறதுக்கு ஏதாவது கொண்டாங்க.”

இரண்டாம் கொத்தின் மேல் சிவப்பு ஊறி வந்தது. பிறகு அப்படியே நின்றது மாதிரி இருந்தது. நின்றுவிட்டதா? அக்காவின் விரல்கள் நமநமத்தன. ஒரே ஒரு ஓரம். ஒரே ஒரு தரம். இத்தனை வருஷம் அந்த விரல்களுக்குச் சோறு போட்டதே தூக்கிப் பார்க்கிற வேலைதானே. “நின்னுருச்சான்னு பாரும்மா” என்று சூப்பர்வைசர் வேறு காதருகில் நச்சரித்தார்.

“பார்க்க மாட்டேன் சார்.”

சட்டென்று கண்ணை எடுத்து மாஸ்டரின் முகத்தில் வைத்தார். முகம் வெளிறி, நெற்றியில் குளிர்ந்த வேர்வை.

“மாஸ்டர், என்னைப் பாருங்க. பேசிக்கிட்டே இருங்க. திட்டுறதா இருந்தாலும் பரவாயில்ல.”

“பாவி...” மாஸ்டரின் குரல் ஈனமாக வந்தது. “வெட்டின துணியெல்லாம் ரிஜெக்ட்டு... என்னையும் ரிஜெக்ட் பண்ணிடாதே.”

“உங்களைத் திருப்பி அனுப்பினா வாங்கிக்க யாரு இருக்கா? பேசாம... இல்ல, பேசிக்கிட்டே கெடங்க!”

சுற்றி நின்றவர்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

ஆம்புலன்ஸ் வந்தபோதும் அக்கா அழுத்திக்கொண்டேதான் இருந்தார். பிடி இளகவில்லை. உள்ளே வந்த உதவியாளர் குனிந்து பார்த்தார். “நல்லா நின்னிருக்கு. கையை எடுக்காதீங்கம்மா, அப்படியே மேல கட்டிடறேன்” என்றவர், கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார். “இவர் உயிரோட இருக்கிறதுக்கு நீங்கதான் காரணம்.”

ஸ்ட்ரெச்சர் வாசலைத் தாண்டியதும் ஒரு கைத்தட்டல் கேட்டது. அடுத்த கணம் கூரை அதிர்ந்தது. அதுவரை அசையாமல் நின்ற அக்கா, தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

மாஸ்டரின் ரத்தக் குழாயைத் தைத்துச் சரிசெய்துவிட்டார்கள். விரல்கள் அசைகின்றன, வாயும் முன்பைவிட நன்றாகவே அசைகிறது. கழுகு அக்கா இப்போது அதே கம்பெனியின் முதலுதவிக் குழுத் தலைவி. காலையில் சட்டைகளைச் சோதிக்கிறார்; சனிக்கிழமை மதியங்களில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவரே வகுப்பெடுக்கிறார்.