அக்காவின் கடவுச்சொல்

காலையில் நான் வேலைக்குப் போக நிற்கும் தரிப்பிடத்தில் தினமும் ஒரு பஸ் வந்து நிற்கும். அதன் நெற்றியில் ‘கிளாஸ்கோ’ என்று எழுதியிருக்கும். ஏழு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் பழகவில்லை. இலங்கை மலைநாட்டில் எங்கள் அக்கரப்பத்தனைக்காரர்களுக்கு ஏனென்று சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் கிளாஸ்கோ என்பது ஒரு தேயிலைத் தோட்டம். என் அத்தையை அங்கேதான் கட்டிக்கொடுத்தார்கள். இந்த ஸ்கொட்லாந்திலிருந்து வந்த துரைமார் தங்கள் ஊர்ப் பெயர்களை எங்கள் மலைகளுக்கு வைத்துவிட்டுப் போக, நான் அந்தப் பெயர்களின் பின்னாலேயே இங்கு வந்து சேர்ந்திருக்கிறேன். வந்த புதிதில் வேலையிடத்தில் எங்கள் பகுதித் தலைவர் அலனிடம், “என் அத்தை வீடு கிளாஸ்கோவில்தான்” என்று சொல்லித் தொலைத்தேன். “அப்படியா, எந்தப் பக்கம்?” என்றார் அவர். “ஃபெக்டரிக்கு மேலே, மலைக்குப் போகிற வழியில்” என்றேன். “அந்தப் பக்கம் நான் போனதில்லையே. மழை அதிகமோ?” என்றார். “மழையும் அதிகம், அட்டையும் அதிகம். காலில் ஏறி இரத்தம் குடிக்கும்” என்றேன். மனிதர் அன்று முழுக்க கிளாஸ்கோவை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். பாவம்.

நான் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில், புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்குக் கம்பியூட்டர் கணக்கும் ஈமெயில் முகவரியும் போட்டுக்கொடுக்கிறேன். திங்கட்கிழமை பட்டியல் வரும். பேராசிரியர், தோட்டக்காரர், சமையற்கட்டில் கோப்பை கழுவுகிறவர் எல்லோரும் அதில் இருப்பார்கள். தோட்டத்தில் இதைப் ‘பேர் பதிவது’ என்று சொல்வோம். செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் பேர் ஏறினால்தான் அங்கே ஆள், இங்கேயும் அப்படித்தான். என் கையால் பேர் பதியாவிட்டால் எத்தனை பட்டம் வாங்கிய பேராசிரியருக்கும் நூலகக் கதவு திறக்காது. சும்மா சொல்லக் கூடாது, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். போன வருடம் லீவில் ஊருக்குப் போனபோது என் அக்கா பாக்கியத்துக்கும் ஒரு ஈமெயில் போட்டுக்கொடுத்தேன். கடவுச்சொல்லை மட்டும் நானே வைத்துக்கொண்டேன், அவள் மறந்துவிடுவாள் என்று. அவளுக்கு வருவதெல்லாம் என் போனில் விழும். பார்த்து, வேண்டியதை அவளுக்குச் சொல்வேன்.

போன மாதம் ஒரு புதன்கிழமை எலெனா என்ற பெண் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். ருமேனியாக்காரி, துப்புரவு வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். நூலகத்தில் ஒரு வேலை காலியாக இருக்கிறதாம். உள்ளே வேலை செய்கிறவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம், அதுவும் தங்கள் கணக்கு வழியாக மட்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். “எனக்குக் கணக்கு இல்லை என்கிறார்கள்” என்றாள். பார்த்தேன். அவளுடைய பேரை இரண்டு வாரத்துக்கு முன்பே நான் பதிந்திருக்கிறேன். முதல் கடவுச்சொல்லை மேற்பார்வையாளருக்கு அனுப்ப வேண்டும், அவர் ஆளிடம் கொடுப்பார் என்பது எங்கள் ஒழுங்கு. அதன்படி அனுப்பியும் இருக்கிறேன். மேற்பார்வையாளருக்குப் போன் எடுத்தேன். நல்ல மனுஷி, சிரித்துக்கொண்டே பேசினாள். “ஓ, அந்தக் கடவுச்சொல் துண்டா? மேசை லாச்சியில் கிடக்கிறது. துடைக்கிற பிள்ளைக்கு ஈமெயில் எதற்கு?” என்றாள்.

போனை வைத்தேன். அவளுக்குத் தெரிய நியாயமில்லை, ஆனால் அவள் பேசியது எங்கள் தோட்டத்து ஆபீசின் பேச்சு.

அந்தக் காலத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளுக்கு இலக்கம் கிடையாது, தெருப் பெயர் கிடையாது. யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்டத்தின் பெயருக்குத்தான் வரும், ஆபீசில்தான் கிடக்கும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவுக்கு நினைவு வந்தால் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். எங்கள் லயத்திலேயே முதலாவதாக உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணியவள் அக்கா. ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு, பெரட்டுக் களத்தின் ஓரத்தில் தினமும் போய் நின்றாள். நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொன்ன கடிதம் அவள் கைக்கு வந்தபோது அந்தத் தேதி முடிந்து ஒன்பது நாள். அப்பா தலைத்துண்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆபீஸ் ஜன்னலில் போய்க் கேட்டார். “கொழுந்து எடுக்கிற வீட்டுக்கு அப்புடி என்னா அவசரத் தபாலு?” என்று உள்ளிருந்து பதில் வந்தது. அப்பா தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார். அடுத்த திங்கட்கிழமை அக்கா பேர் பதிந்து கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தாள். இப்போது முட்டுவலியால் மலையேற முடியாமல், தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் உதவிக்கு நிற்கிறாள்.

ஒழுங்காவது மண்ணாவது! எலெனாவின் கடவுச்சொல்லை அங்கேயே மாற்றி, ஒரு துண்டில் எழுதி, அவள் கையிலேயே கொடுத்தேன். அவளை என் நாற்காலியில் உட்காரவைத்து விண்ணப்பமும் போடச் சொன்னேன். அலன் பார்த்துவிட்டார். “அது மேற்பார்வையாளர் வழியாகப் போக வேண்டியது” என்றார். “ஆளின் தபால் ஆளின் கைக்குத்தான் போக வேண்டும்” என்றேன். என் குரல் நான் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. அவர் திரையையும் எலெனாவையும் பார்த்தார். பிறகு, “அடுத்த தடவை என்னிடம் ஒரு வார்த்தை கேள்” என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போனார். திரும்பி வரும்போது எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பகல் அக்காவோடு பேசும்போது இந்த வீரப் பிரதாபத்தை அளந்தேன். அவளுக்கு அங்கே மாலை நேரம், பின்னால் மழைச் சத்தம் கேட்டது.

“நல்ல காரியம் செஞ்ச புள்ள” என்றாள். பிறகு, “நா ஒண்ணு கேட்டா கோவிக்க மாட்டியே?” என்றாள்.

“என்னாக்கா, கேளு.”

“பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பா வர்றதுக்கு ஒரு டிப்ளோமா இருக்கு. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி டவுன்ல நசீர் நானாவோட கம்பியூட்டர் கடைல போயி விண்ணப்பம் போட்டேன். ஈமெயிலு கேட்டாரு, நீ போட்டுக் குடுத்தத குடுத்தேன். எங்கூட விண்ணப்பம் போட்ட வட்டகொட மேரிக்குப் பதில் வந்துருச்சாம். எனக்கு ஒண்ணும் வரலியா?”

“எங்கிட்ட சொல்லவே இல்லியேக்கா!”

“கெடச்சாச் சொல்லலாம்னு இருந்தேன். இந்த வயசுல படிக்கப் போறேன்னா நீ சிரிப்பீல்ல.”

போனில் தேடினேன். தேடுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். இரண்டு வாரத்துக்கு முன்னால் அப்படியொன்று வந்தது. ‘டிப்ளோமா’ என்ற சொல்லைப் பார்த்தேன். ஏதோ விளம்பரம், அக்காவுக்கு எதற்கு என்று ஒதுக்கித் தள்ளிவிட்டு பஸ்ஸில் ஏறினேன். இப்போது திறந்தேன். நேர்முகப் பரீட்சை, ஹட்டனில், வருகிற வெள்ளிக்கிழமை. இன்னும் ஐந்து நாள் இருந்தது.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஊர் உலகத்துக்கெல்லாம் கடவுச்சொல்லைக் கையில் கொடு என்று சண்டை பிடித்தவள், கூடப்பிறந்தவளுடைய தபாலை என் ஆபீசில் வைத்திருந்திருக்கிறேன்.

“அக்கா, வந்துருக்கு. நாந்தான் பாத்துட்டு ஒதுக்கிப்புட்டேன். என்னய மன்னிச்சிரு” என்றேன். அழுதுவிட்டேன்.

“தேதி போயிருச்சா?” என்றாள் அக்கா. அவள் கேட்டது அது ஒன்றுதான்.

“இல்லக்கா. வர்ற வெள்ளி.”

அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. “அப்புறம் என்னாத்துக்கு அழுவுற? வாசிச்சுக் காட்டு” என்றாள்.

“நா வாசிக்க மாட்டேன். ஒன் தபால நீயே தொறந்து வாசி. பேனா எடு.”

கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். திருப்பிச் சொன்னாள், ஒரு பிழை இல்லை. மறந்துவிடுவாளாம்! தன் போனில் அதை அவள் அழுத்திய அடுத்த நிமிடம் என் போன் அதிர்ந்தது. இலங்கையிலிருந்து ஒருவர் இந்தக் கணக்கில் நுழையப் பார்க்கிறார், அது நீங்களா என்று கேட்டது. கீழே இரண்டு கட்டம். ஆம், நான்தான் என்று ஒன்று. இல்லை, நான் இல்லை என்று மற்றது. ஏழு வருடமாக இந்த ஊரில் என்னை எத்தனையோ படிவங்கள் எத்தனையோ கேட்டிருக்கின்றன, எதற்கும் இவ்வளவு நேரம் நான் யோசித்ததில்லை. அங்கே இருப்பது நான் இல்லை. ஆனால் அப்படிச் சொன்னால் அக்காவுக்குக் கதவு திறக்காது. ஆம், நான்தான் என்பதை அழுத்தினேன்.

“தொறந்துருச்சு புள்ள!” என்று கத்தினாள். தன் கடிதத்தைத் தானே மெதுவாக வாசித்தாள். முடித்துவிட்டு, “இத மாத்திக்கவா? நசீர் நானா ஒரு நாளு எப்புடின்னு காட்டுனாரு” என்றாள்.

“மாத்திக்கக்கா. எங்கிட்டயும் சொல்லாத.”

பேசி முடித்துப் போனைப் பார்த்தபோது அக்காவின் கணக்கு மூடிக் கிடந்தது, கடவுச்சொல்லைக் கேட்டது. எனக்குத் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே தரிப்பிடத்தில் கிளாஸ்கோ பஸ் வந்து நின்றது, இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, அத்தை வீட்டுக்குப் போகாத ரோட்டில் போனது.