தொராப் அலியின் கோடரி

தொராப் அலிக்கு வேலையே வரக்கூடாது என்றுதான் எங்கள் இழுவைக் கப்பலில் எல்லோரும் வேண்டிக்கொள்வோம். கடலிலிருந்து வரும் பாய்க்கப்பல்களை வடம் கட்டி, ஹூக்ளி நதி வழியே கல்கத்தாவுக்கு இழுத்து வருவது எங்கள் பிழைப்பு. அந்த வடத்தின் பக்கத்தில் கோடரியோடு உட்கார்ந்திருப்பது அவன் பிழைப்பு. பின்னால் வரும் கப்பல் மணலில் தட்டினால், கடலிலிருந்து ஏறி இறங்கும் ஓதம் அதைப் புரட்டிப் போட்டுவிடும். வடத்தை வெட்டாவிட்டால் எங்களுக்கும் அதே கதிதான்.

நான் கொதிகலனுக்குக் கரி அள்ளுபவன். வேர்வையும் கரியுமாக மேலே வந்து அவனைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"மாமியார் வீட்டு மாப்பிள்ள மாதிரி உக்காந்தே சம்பளம் வாங்குறியே அண்ணே."

"நான் எந்திரிக்கிற அன்னிக்கு உனக்குப் பேச்சே வராதுடா, லால்மியா."

கோடரியை ஒருவரையும் தொட விடமாட்டான். விறகு பிளக்கக் கேட்ட சமையல்காரன் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். விடுப்பில் நாங்கள் இருவரும் எங்கள் ஊரான சந்த்வீப் தீவுக்குப் போகும்போதுகூட அதைத் துணியில் சுற்றி எடுத்து வருவான். பெற்ற தாய் கேட்டதற்கே கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் ஒன்றை இரவல் வாங்கி வந்து அவளுக்கு விறகு வெட்டிப் போட்டான். சரியான கிறுக்கன் என்று நினைத்தேன்.

ஒரு மழைக்காலத்தில், நதிமுகத்தில் எங்களுக்குக் கிடைத்த கப்பலின் முன்முனையில், அணியத்தில் நின்று வடத்தை இறக்கியவன் தொராப்பின் தம்பி மேனாஜ். வருஷக்கணக்கில் கண்ணில் படாதவன்.

"அண்ணே, அம்மாவுக்குக் கம்பளி வாங்கியாந்திருக்கேன்."

"மொதல்ல வடத்த ஒழுங்காக் கட்டு. கம்பளிய அப்புறம் பாக்கலாம்." சொல்லும்போதே தொராப்புக்கு வாயெல்லாம் பல்.

ரூபநாராயண் நதி வந்து கலக்கும் இடத்தில் அந்தக் கப்பல் மணலில் தட்டியது. கீழே நான் கரிக்குவியலோடு சரிந்து விழுந்தேன். கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் கொட்டியது. எப்படியோ தொற்றி மேலே வந்தேன். பெரிய கப்பல் ஓதத்துக்குக் குறுக்கே திரும்பிச் சாய்ந்துகொண்டிருந்தது. வடம் பக்கவாட்டில் விறைத்து எங்களையும் சாய்த்தது.

"வெட்டு" என்றார் எங்கள் கப்பலை ஓட்டும் துரை.

தொராப் கோடரியை ஓங்கியபடி நின்றான். எதிரே அணியத்தில் மேனாஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டு இவனையே பார்த்தான்.

"வெட்டுடா."

"தம்பி நிக்கிறான், துரை."

எனக்கு உயிர் பயம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நேரத்தில் மேனாஜ் எனக்கு யாரோ. "அண்ணே, கீழ தண்ணி ஏறுது. உள்ள ஆளுங்க இருக்காங்க" என்றேன்.

கண்ணை மூடவில்லை அவன். தம்பியைப் பார்த்துக்கொண்டேதான் போட்டான். ஒரே வெட்டு.

எங்கள் கப்பல் குலுங்கி நிமிர்ந்தது. அந்தக் கப்பல் புரண்டது. பாய்மரங்கள் தண்ணீருக்குள் போயின, பிறகு எதுவுமே தெரியவில்லை. சுற்றிச் சுற்றி வந்து நாலைந்து பேரைத் தூக்கினோம். மேனாஜ் அதில் இல்லை.

தொராப்போடு நானும் தீவுக்குப் போனேன். எங்களுக்கு முன்பே சேதி போயிருந்தது. அவன் அம்மா அழுது ஓய்ந்து அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். தொராப் கோடரி சுற்றிய துணிப்பொதியை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"வடத்த வெட்டுனது யாரு?" என்று கேட்டாள்.

அவன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். அவன் வெட்டியதால் உயிரோடு இருப்பவன் நான். அவளுடைய சாபம் என்மேல் விழுந்துவிட்டுப் போகட்டும்.

"நான்தாம்மா. அண்ணனுக்குக் கை வரல. கோடாலிய என்கிட்ட குடுத்துட்டாரு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மகனின் மடியில் இருந்த பொதியைப் பார்த்தாள்.

"பெத்தவ எனக்கே குடுக்காதவன், உனக்கா குடுத்தான்?"

அவள் எழுந்து பானையைத் திறந்து சோறு போட்டாள். தட்டைத் தொராப்பின் முன்னால் வைத்து, பொதியை இறுகப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"சாப்பிடு" என்றாள்.