வெட்டிவேர் வரிசையில் ஒரு குழி

வேர்க்காரர் மண்ணுக்கு மேலே தெரிகிற எதையும் லேசில் நம்பமாட்டார். நாற்பது வருஷம் வெட்டிவேர் தோண்டிப் பிழைத்த மனிதர். தளதளவென்று நிற்கும் புல்லைப் பார்த்து மற்றவர்கள் வாயைப் பிளந்தால், "கீழ என்ன இருக்குன்னு எவன் கண்டான்?" என்பார். வேரை இழுத்துப் பிடுங்குகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. பக்கத்தில் பள்ளம் வெட்டி, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, நுனி அறாமல் எடுக்கவேண்டும். அப்படி எடுத்து, அலசி, நிழலில் உலர்த்திய கட்டுகளைத் தைலம் காய்ச்சுகிறவர்கள் அவரைத் தேடிவந்து வாங்கினார்கள். கல்யாணம் மட்டும் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "நேரமில்ல" என்று ஒரே பதில்.

முதுகு குனிய மறுத்ததும் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அக்காவும் தனி ஆள். கணவர் காலமாகிவிட்டார், மகனுக்கு நகரத்தில் வேலை. ஒரு மலைச்சரிவின் அடியில் இரண்டு அறையும் சமையலறையுமாகச் சின்ன வீடு. காலையில் ஒரு சண்டை, சாயங்காலம் ஒரு சண்டை என்று வேளை தவறாமல் போட்டுக்கொண்டு, நடுவில் இருவரும் சந்தோஷமாகவே இருந்தார்கள்.

ஒரே தொல்லை, பெரிய மழை பெய்தால் சரிவு கரைந்து சமையலறைக்குள் மண் வரும். இரண்டாவது தடவை அடுப்பே புதைந்துபோனபோது மகன் வந்து கறாராகச் சொல்லிவிட்டான்.

"இன்னொரு தடவை வீட்டுக்குள்ள மண்ணு வந்தா, நீ என்கூடக் கிளம்பி வந்துடணும்மா. மறுபேச்சே கிடையாது."

அக்காவும் சரி என்றாள். மகன் வீட்டில் மிச்சமிருந்தது ஓர் அறைதான். மாமாவுக்கு எங்கே இடம் என்று யாரும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆனால் அக்கா இல்லாத வீட்டில் தனியாகத் தட்டைப் போட்டு உட்காருவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அந்த வாரமே சரிவில் ஏறிவிட்டார். அதுவரை எடுப்பதற்காக வெட்டிவேர் நட்டவர், முதல்முறையாக மண்ணைப் பிடித்துக்கொண்டு இருப்பதற்காக நட்டார். குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்து, சரிவுக்குக் குறுக்கே ஏற்ற இறக்கமில்லாமல் கோடு போட்டார். தூர்களைப் பிரித்து, தோகையை ஒரு சாணுக்கு நறுக்கி, அரைச் சாண் இடைவெளியில் ஊன்றினார். "நடுவுல ஒரு ஓட்டை விழுந்தாலும் போச்சு, அத்தனை தண்ணியும் கூடி அது வழியாத்தான் பாயும்" என்று அவரேதான் சொன்னார்.

"என் கீரைப் பாத்தியெல்லாம் புல்லாப் போயிடப் போகுது" என்றாள் அக்கா.

"இது விதை போட்டுப் பரவுற சாதி இல்லக்கா. நட்ட இடத்துல நிக்கும். உன்னை மாதிரி."

நாலு மாதத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு அறுத்துவிட்டார். அறுக்க அறுக்கத் தூர் பருத்தது. அறுத்த தோகையை அக்காவின் மிளகாய்ச் செடிகளுக்கு அடியில் பரப்பினார். முதல் வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. இரண்டாம் வருஷம் புல் சுவர் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது.

மழைக்காலம் நெருங்கியபோது அக்கா கிண்டலடித்தாள். "ஆள் உசரத்துக்கு வேர் இறங்கியிருக்குன்னு அளக்குறியே, நீ பார்த்தியா?"

கேள்வி சுருக்கென்று தைத்தது. உண்மையில் அவருக்கே கொஞ்ச நாளாகக் கை அரித்துக்கொண்டுதான் இருந்தது. வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இவர் வரிசையின் நட்டநடுவில் தோண்டினார். ஒரு தூரை நுனி அறாமல் எடுக்க, பக்கத்துத் தூர் இரண்டையும் எடுக்கவேண்டியிருந்தது. மத்தியானத்துக்குள் அக்காவைவிட நீளமான வேர் அவர் கையில் தொங்கியது. அக்கா அதைத் தொட்டுப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள்.

"அடேங்கப்பா" என்றாள். அன்று சாயங்காலச் சண்டைகூட நடக்கவில்லை.

குழியை மூடி மிதித்து, புது நாற்று ஊன்றினார். மழைக்கு எப்படியும் இருபது நாள் இருக்கிறது என்று கணக்குப் போட்டார். நாலாம் நாள் காலையில் வானம் பொத்துக்கொண்டது.

புல் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. செம்மண் தண்ணீர் வரிசைக்குப் பின்னால் வந்து தேங்கி, மண்ணை அங்கேயே இறக்கிவிட்டு, தெளிந்து கசிந்தது. ஆனால் அவர் தோண்டி மூடிய குழியின் மண் இளகி வாயைத் திறந்தது. வேர்க்காரர் சாக்கும் கல்லுமாக ஓடி அடைப்பதற்குள் சமையலறையில் கணுக்கால் அளவு சேறு. ஏறி நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதார்.

மறுநாள் மகன் வந்து இறங்கினான். அக்கா வாயெடுப்பதற்குள் வேர்க்காரர் முந்திக்கொண்டார். "மண்ணு வந்துடுச்சுப்பா. புல்லு மேல தப்பில்ல. நான்தான் தோண்டிக் கெடுத்தேன். அம்மாவைக் கூட்டிட்டுப் போ."

மகன் சமையலறைச் சுவரில் படிந்திருந்த கறையைப் பார்த்தான். மேலே ஏறிப்போய், வரிசை நெடுக முழங்கால் உயரத்துக்குத் தேங்கி நின்ற மண்ணையும் பார்த்துவிட்டு வந்தான்.

"பேச்சு பேச்சுதான்மா. துணியை எடுத்து வை."

அக்கா துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை.

"மலை விட்ட மண்ணு வந்தா வர்றேன்னுதான்டா சொன்னேன். இது என் தம்பி விட்ட மண்ணு. அவன் எத்தனை தடவை விட்டாலும் நான் கூட்டித் தள்ளிக்குவேன்."