எறும்புப் பொடி போட்ட கோடை

மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று மூக்கில் ஏறுகிற காரக் காற்று, குடித்து முடித்ததும் கண்ணில் நீர் முட்ட வரும் ஏப்பம், கண்ணாடியில் நீட்டிப் பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் தெரியும் நாக்கு: எங்கள் ராஜபாளையத்தில் இதற்கெல்லாம் சேர்த்து ஒரே பெயர், ‘கலர்’. அக்காவின் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க அப்பாவின் மொபெட்டில் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போன அந்தச் சித்திரை வெயிலில், நான் குடித்த கலருக்குக் கணக்கே கிடையாது.

பத்திரிகை வைக்கப் போன வீட்டில் ‘வாயை நனைக்காமல்’ எழுந்து வந்துவிட்டால் போச்சு, அந்த வீட்டார் கல்யாணத்துக்கு வரமாட்டார்கள், வந்தாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள் என்பது அப்பாவின் பயம். அதனால் தளவாய்புரத்தில் கொடுத்த ரோஸ்மில்க், அடுத்த தெருவில் கொடுத்த பன்னீர் சோடா, அதற்கடுத்த வீட்டில் சர்க்கரையை அள்ளிப் போட்ட காப்பி என்று எதையும் அவர் மிச்சம் வைத்ததில்லை. “ஒரு வீட்ல குடிச்சிட்டு இன்னொரு வீட்ல வேண்டாம்னா அவியளுக்கு மனசு பொறுக்குமா?” என்பார். அவருக்கும் அப்போது அடங்காத தாகம். “என்னமோ தெரியல, குடிக்கக் குடிக்க நாக்கு வறளுது” என்று சொல்லிக்கொண்டே அடுத்த டம்ளரை வாங்குவார். “வெயிலு அம்புட்டு!” என்று அம்மா வேறு, வீடு திரும்பியதும் நன்னாரி சர்பத்தைச் செம்பு நிறையக் கலக்கி வைத்திருப்பாள். அவருடைய பேண்ட் இடுப்பில் நிற்காமல் நழுவியது, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. மகள் கல்யாணக் கவலை ஆளை இளைக்க வைத்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

அந்தக் கோடையில்தான் எங்கள் குளியலறையில் எறும்பு வந்தது. அப்பா காலையில் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தால் போதும், செத்த நேரத்தில் சுவரோரமாகச் சாரை பிடித்துவிடும். “சனியன், எங்கேயிருந்துதான் வருதோ!” என்று அம்மா திட்டிக்கொண்டே எறும்புப் பொடியைத் தூவுவாள். மறுநாளும் வரும், மறுநாளும் தூவுவாள். அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. “பாத்தியா, இவுகளுக்குப் பத்திரிகையே வைக்கல, மொதல் ஆளா கல்யாணத்துக்கு வந்துட்டாக!” என்றார். நாங்களும் விழுந்து விழுந்து சிரித்தோம். அட கொடுமையே, எதற்குச் சிரிக்கிறோம் என்றுகூடத் தெரியாமல் சிரித்திருக்கிறோம்!

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருந்த அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. அவள் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேரும்போதே அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. பத்திரிகையை நீட்டியவர் நாற்காலியில் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் அப்படியே ஒரு பக்கமாகச் சரிந்தார். “அண்ணே! ஐயோ, அண்ணே!” என்று அலறிய அத்தை அடுப்படிக்கு ஓடி, குளுக்கோஸ் பாக்கெட்டை உடைத்துக் கெட்டியாகக் கரைத்துக்கொண்டு வந்தாள். மயக்கம் என்றால் குளுக்கோஸ், அதுதானே எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம்? அரை நினைவில் இருந்த அப்பா, அதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்துவிட்டு வந்த டாக்டரம்மா, “வரும்போது எதாவது குடுத்தீங்களா?” என்று கேட்டார். “நல்லா கெட்டியா குளுக்கோஸ் குடுத்தேன் டாக்டர்” என்றாள் அத்தை, சரியானதைச் செய்த நிம்மதியோடு. டாக்டரம்மா தலையில் கை வைத்துவிட்டார். “சுகர் ஏறிப் போயி மயங்கின ஆளுக்கு, அந்தச் சுகரையே கரைச்சு ஊத்தியிருக்கீங்களேம்மா! கொறஞ்சு மயங்கினாத்தான் அது மருந்து” என்றார். அத்தை நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பின்னாலேயே பஸ் பிடித்து ஓடிவந்த அம்மாவிடம், இது இன்றைக்கு வந்த வியாதி இல்லை, வெகுநாளாக உள்ளே இருந்ததை இந்த ஒரு மாதக் கலரும் காப்பியும் இழுத்து வெளியே விட்டிருக்கிறது என்று சொன்ன டாக்டரம்மா, சாதாரணமாகத்தான் அடுத்ததைக் கேட்டார்: “ஒண்ணுக்குலயே சுகர் எறங்கியிருக்கும், பாத்ரூம்ல எறும்பு மொய்ச்சிருக்குமே, யாரும் பாக்கலையா?”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

உயிர் தப்பியது. ஆனால் கல்யாணத்தன்று அப்பாவுக்குக் கண் தெளியவில்லை, எல்லாம் புகைமூட்டமாகத் தெரிகிறது என்றார். மணவறையில் தாரை வார்க்க நின்றவர், என் காதருகே குனிந்து, “அக்கா எந்தப் பக்கம்ட்டி நிக்கா?” என்று கேட்டார். நான் அவருடைய கையைப் பிடித்து அக்காவின் கையில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து யாரோ அவரிடம் ஒரு கலரை நீட்ட, அம்மா பாய்ந்து பிடுங்கினாள். பிறகு ஒரு கண்ணில் மட்டும் பார்வை கொஞ்சம் திரும்பியது. அதை வைத்துக்கொண்டே மிச்ச காலத்தை ஓட்டினார்.

அன்றிலிருந்து நான் கலரைத் தொட்டதில்லை. அந்தத் தைரியத்தில்தான் போன மாதம் ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். எனக்கும் சுகராம்! “நான் டீயில்கூடச் சர்க்கரை போடுவதில்லையே” என்று சண்டைக்குப் போனேன். தினமும் நடைப்பயிற்சி முடித்துவிட்டு, உடம்புக்கு நல்லது என்று பாக்கெட் பழரசம் குடிப்பதை மட்டும் சொன்னேன். டாக்டர் தம்பி சிரிக்காமல் சொன்னார்: “அதுவும் கலருதாம்மா. மேல பழத்துப் படம் போட்டிருக்கான், அம்புட்டுதான்.”

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் குளியலறைக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். பளபளக்கும் வெள்ளை டைல்ஸ், மூக்கைத் துளைக்கும் பினாயில் வாடை, மாதாமாதம் ஆள் வைத்து அடிக்கிற பூச்சி மருந்து. பத்திரிகை வைத்து அழைத்தாலும் இந்த வீட்டுக்கு வர ஓர் எறும்பு இல்லை.