கலைமணி டியூப் விழுங்கப் போகும் கதை

வல்லம் வடகால் கம்பெனி பஸ்ஸில் ஏறிய வதந்தி, மண்ணூர் வருவதற்குள் குட்டி போட்டுவிட்டது. வயரிங் லைனில் வேலை செய்யும் கலைமணிக்குத் தொண்டையில் கேன்சராம். பொங்கலைத் தாண்டமாட்டாளாம். அவள் பாட்டிலைத் தொட்டாலே ஒட்டிக்கொள்ளுமாம். அதே லைனில் இருக்கும் செங்கமலம் ஆஸ்பத்திரியில் கண்ணாலேயே பார்த்தாளாம். அவள் பார்த்தது, புற்றுநோய்ப் பிரிவு என்ற பலகைக்குக் கீழே நின்ற கலைமணியை. மீதிக் கதையை அவள் வாயே கட்டிவிட்டது. நடந்தது இதுதான், கேளுங்கள்.

கலைமணி பிறந்தபோதே உணவுக்குழாய் நடுவில் ஒட்டாமல் கிடந்தது. பால் வயிற்றுக்குப் போக வழியில்லை. டாக்டர்கள் இரண்டு முனையையும் இழுத்துத் தைத்தார்கள், பிழைத்தாள். ஆனால் தைத்த இடம் இன்றும் சோற்றைச் சட்டென்று விடாது. வாய்க்கு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். வயிற்றுப் புளிப்பும் மேலே ஏறிக் குழாயை அரிக்கும். அப்படி அரித்த இடத்தில் பின்னாளில் கேன்சர் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகமாம். அதனால்தான் அவ்வப்போது அந்தப் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போய்க் கேமரா டியூபை விழுங்கிவிட்டு வருகிறாள். போன முறை ஓரிடத்தில் நிறம் மாறியிருந்தது. "கேன்சர் இல்ல, ஆனா அடுத்த தடவை தவறாம வந்துடும்மா" என்றார் டாக்டர்.

கம்பெனி கேன்டீனில் சோறு கிடைக்கும். தொட்டுக்கொள்ள வீட்டிலிருந்து ஆளுக்கொரு டப்பா. ஒவ்வொன்றிலும் எல்லார் கையும் விழும். அன்று கலைமணியின் கருவாட்டு வறுவலில் ஒரு கையும் விழவில்லை. கருவாட்டுக்கே அந்தக் கதி!

சூப்பர்வைசர் அருள்பாண்டி வந்து நின்றார்.

"இன்னாம்மா, நாளைக்கு லீவு கேட்டுக்கிறியாமே?"

"ஆமா சார். டியூப் டெஸ்ட்டு."

"அதுக்குப் போறதாலதான் இத்தினி பேச்சு. இந்த வாட்டி வுட்டுடு, பேச்சு அடங்கிடும். போனீன்னா, பேக்கிங்ல தனியாதான் உக்காரணும்."

செங்கமலம் உருகினாள். "பாவம்க்கா நீ. உனக்காகத்தான் சாமிகிட்ட வேண்டிக்கினு கீறோம்."

"இன்னான்னு? சீக்கிரம் போய்ச் சேரணும்னா?"

கலைமணி டப்பாவை டங்கென்று வைத்துவிட்டு எழுந்தாள். கோபம் வந்த வேகத்துக்கு வாயில் இருந்த கவளம் இறங்கவில்லை. தண்ணீர் குடித்தாள். அது இறங்கும்வரை மொத்தக் கேன்டீனும் வாய் பார்த்துக்கொண்டிருந்தது.

"பேக்கிங்ல போடணுமா? போடுங்க சார். நாளைக்கு நான் போவேன். எனக்குக் கேன்சர் இல்ல. நாளப்பின்ன வந்தாலும் வரும், வந்தா ஆரம்பத்துலயே புடிக்கத்தான் டியூபை முழுங்குறேன். ஒட்டிக்கிற வியாதி இங்க ஒன்னு கீது. அது என் தொண்டைல இல்ல, இந்தா, இவ வாயில கீது!"