நிறுத்தத்தில் இருக்கும் 412-ஆம் நடை

பிப்ரவரி 9, திங்கட்கிழமை, மாலை 5 மணி 48 நிமிடம். நடை எண் 412. தூரம் 2.31 கிலோமீட்டர். கஞ்சிக்கோட்டில் ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் இருந்த என் கைப்பேசிக்கு அண்ணியின் கடிகாரத்திலிருந்து ஒரு வரி வந்தது: "நடை தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது."

"மறுபடியும் நின்னாச்சா" என்று சொல்லி அதை விரலால் தள்ளிவிட்டேன். என் முன்னால் ஒரு கொதிகலனின் அழுத்தமானி தவறாகக் காட்டிக்கொண்டிருந்தது. அதுதான் அப்போது அவசரம். 6 மணி 51-க்கு ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் அழைத்தார். "தேனு போயிட்டாடா" என்றார். எங்கே போனார் என்று கேட்டேன். அவ்வளவு மடையனாக இருந்தேன்.

என் அண்ணி தேன்மொழியை நம் ஞாயிறு நடைக் குழுவின் இருபத்துமூன்று பேருக்கும் தெரியும். குழுவில் இருக்கும் ஐந்து நாய்களுக்கும் தெரியும். இருந்தாலும் இந்த நினைவு மலரைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வயது நாற்பத்து நான்கு. பெருமாட்டியில் பால் சங்கத்தில் பாலின் கொழுப்பை அளந்து எழுதும் வேலை. காலை ஐந்தரைக்குச் சங்கத்தின் கதவைத் திறப்பார். அளவு குறைந்தால் பால் ஊற்ற வந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஒருமுறை நான் பக்கத்தில் நின்றிருந்தபோது ஒருவர், "ஏனுங்க அம்மிணி, நேத்து நாலு புள்ளி ரெண்டு, இன்னைக்கி மூணு புள்ளி ஒண்ணா? மிசின் கெட்டுப்போச்சாட்ட இருக்குது" என்றார்.

"மிசின் நல்லாத்தானுங்க இருக்குது" என்றார் அண்ணி. "நீங்க காலைல தண்ணி காட்டுனது மாட்டுக்கா, பாலுக்கான்னு சித்த யோசிச்சுப் பாருங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த ஆளும் சிரித்தார். எண்ணை மாற்றாமலே ஆளைச் சமாதானப்படுத்த அண்ணிக்குத் தெரியும். எனக்கு அது தெரியாது. நான் எண்ணை மட்டும் நம்புகிறவன்.

நடை தொடங்கியது அண்ணனின் சர்க்கரையால். டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். அண்ணன் தனியாகப் போக மாட்டேன் என்றார். ஆகவே அண்ணன், அண்ணி, அம்மா, நான், நாய் என்று மொத்தக் குடும்பமும் வாய்க்கால் கரையில் இறங்கியது. நாயின் பெயர் டீசல். பம்பு செட்டில் டீசல் டின்னுக்குப் பின்னால் குட்டியாகக் கிடந்ததால் அண்ணி வைத்த பெயர் அது. ஒருமுறை தென்னந்தோப்புகளுக்குள் மூன்று நாள் காணாமல் போய்விட்டது. அதன்பிறகு அதன் கழுத்தில் இருப்பிடம் காட்டும் பட்டை மாட்டினேன். எல்லோருக்கும் கடிகாரம் வாங்கி மாட்டிவிட்டவனும் நான்தான். ஒரு மாதத்தில் அண்ணன் பின்வாங்கினார். அம்மாவுக்கு முழங்கால் வலி. அண்ணியும் டீசலும் மட்டும் ஒரு நாள் விடவில்லை. ஓடிப் பாருங்கள் என்று நான் நச்சரித்தபோது, "ஓடறதுக்கு நானென்ன பஸ்ஸயா தவற உட்டுட்டேன்?" என்றார்.

வாராவாரம் குழுவில் நான் போடும் பட்டியல் உங்களுக்குத் தெரியும். தூரம், நேரம், சராசரி வேகம், வரிசை எண். சென்ற அக்டோபரில் அண்ணி கடைசி இடத்துக்கு இறங்கினார். நம் குழுவில் இருக்கும் லைன்மேன் எழுதியது நினைவிருக்கும்: "அக்கா, வழியில நத்தையைப் பாத்தா சைடு கொடுங்க, பாவம் அதுக்கு அவசரம்." அண்ணி சிரித்துக்கொண்டே போனை என்னிடம் நீட்டினார். "நான் மெதுவா நடக்கலீங்க தம்பி. டீசல் மோப்பம் புடிக்க நிக்குது, அதுகூட நானும் நிக்கறேன். அந்த ஆளு வாயை அடைக்கற மாதர எதாச்சும் பண்ணுங்க."

பண்ணினேன். கடிகாரத்தில் ஆட்டோ பாஸ் என்று ஒன்று உண்டு. ஆள் நின்றால் நேரக் கணக்கும் தானாக நிற்கும். நடந்தால் மறுபடி ஓடும். நின்ற நேரம் பட்டியலுக்கு வராது. இரண்டு முறை தட்டினால் போதும், வேலை முடிந்தது. அடுத்த வாரமே அண்ணி ஆறாம் இடத்துக்கு ஏறினார். லைன்மேன் கும்பிடும் படம் ஒன்றைப் போட்டார். எனக்கும் பெருமையாக இருந்தது.

ஆலையில் நான் புதிதாக வரும் பயிற்சிப் பொறியாளர்களுக்குச் சொல்லும் முதல் பாடம், கருவி தருவதை வடிகட்டிவிட்டுப் பார்க்காதே என்பது. தொல்லை என்று நீ தள்ளுவதில்தான் கோளாறு முதலில் தெரியும். இதை வருடத்துக்கு நான்கு முறை சொல்கிறேன்.

டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு காந்தலூர் போனோம். ஊருக்கு மேலே பூண்டு வயல்களைத் தாண்டி ஏறும் பாதை. நான் முன்னால் போய், திருப்பங்களில் நின்று கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் திருப்பத்தில் அண்ணி வரவில்லை. இறங்கிப் போனால் வரப்பில் உட்கார்ந்திருந்தார். கையை நெஞ்சின் மேல் வைத்திருந்தார். டீசல் பக்கத்தில் படுத்திருந்தது. பூண்டுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா தண்ணீர்க் குடத்தோடு நின்றார்.

"இது ஏத்தத்துல வார எளப்பு இல்ல தாயி" என்றார் அவர். "டாக்டர்ட்ட காட்டுனியா?" பிறகு என்னைப் பார்த்தார். "நீ யாருய்யா, கொழுந்தனா? அவள முன்னால நடக்க விட்டு நீ பின்னால வா. முன்னால போறவனுக்குப் பின்னால நடக்கிறது என்ன தெரியும்?"

மலைக் காற்றில் பிராணவாயு குறைவு, அதனால்தான் என்று அவருக்கு விளக்கினேன். அவர் களைக்குக் குனிந்துவிட்டார்.

ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து, அண்ணி சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டே கேட்டார்: "ஏந்தம்பி, கொஞ்ச நாளா மூச்சு நெம்ப வாங்குது. இங்க சித்தூர் ஆசுபத்திரில ஒருக்கா காட்டிப்போட்டு வந்தர்லாமா?"

நான் கைப்பேசியை எடுத்துப் பட்டியலைக் காட்டினேன். மூன்று மாத வேகம், ஒரே நேர்கோடு. "பாருங்க அண்ணி, ஒடம்பு சரியில்லாதவங்களுக்கு வேகம் இப்படி நிக்காது. வயசாகுது, அவ்வளவுதான்."

அண்ணி அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப நல்லாத்தான் இருக்கறனாட்ட இருக்குது" என்று சொல்லி அடுப்பை அணைத்தார். மிஷின் சொன்னால் சரி என்று இருபது வருடம் வேலை பார்த்தவர். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

இனி ஒன்பதாம் தேதி. வாய்க்கால் கரைக்கு அந்தப் பக்கத் தோப்பில் கள் இறக்க மரம் ஏறியிருந்தவர், நாய் விடாமல் குரைப்பதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். அண்ணி விழுந்து கிடந்தார். கயிறு கை மணிக்கட்டில் சுற்றியிருந்தது. நாய் அதை இழுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. அவர் இறங்கி ஓடிவந்து ஆட்களைக் கூட்டி ஆட்டோவில் ஏற்றினார். அவரிடம் நான் நன்றி சொல்லியாகிவிட்டது. ஆனால் அவர் பார்த்ததை வைத்து ஊர் பேசியது ஒன்றே ஒன்றுதான்: நாய் இழுத்துத் தள்ளியது, அக்கா விழுந்தார், அதிர்ச்சியில் நெஞ்சு நின்றது.

கருமாதி முடிந்த அன்று மாலை உறவினர்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். டீசலை ஒன்பதாம் தேதியிலிருந்தே பம்பு செட்டில் கட்டிப் போட்டிருந்தார்கள். அம்மா சொன்னார்: "எம் மருமவளத் தின்னுபோட்ட நாய் இந்த ஊட்டுல இருக்கப்படாது. நாளைக்கி தேங்கா லோடு பொள்ளாச்சி போவுது. அதுல ஏத்தித் தாட்டியுடுங்க. எங்கயாச்சும் அக்கட்டால எறக்கியுட்டுட்டு வரட்டும்."

யாரும் மறுக்கவில்லை. லாரிக்காரரின் எண்ணை ஒருவர் தேடிக்கொண்டிருந்தார்.

அன்று காலையில்தான் நான் டீசலின் கழுத்துப் பட்டையில் இருந்த பதிவை இறக்கிப் பார்த்திருந்தேன். நாயின் பட்டையில் ஆட்டோ பாஸ் கிடையாது. பத்து வினாடிக்கு ஒரு புள்ளி. நின்றாலும் நடந்தாலும் எழுதும். அதைக் காட்டினால் டீசல் வீட்டில் இருக்கும். ஆனால் அதைக் காட்டினால் என் பட்டியல் என்ன என்பதும் தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்று தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். லாரிக்காரருக்கு மணி அடித்து, அவர் எடுத்து, "சொல்லுங்" என்கிற வரை யோசித்தேன்.

பிறகு மடிக்கணினியைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தேன்.

"அண்ணா, டீசல் இழுக்கல. இங்க பாருங்க. 5.06-க்குக் கெளம்பறாங்க. கடைசி வரைக்கும் நடக்கற வேகம்தான், ஒரு எடத்துலகூட ஓட்டம் இல்ல. அண்ணி கடிகாரம் 5.48-க்கு நிக்கறதுக்கு முன்னாடியே நாய் நின்னிருக்குது. அப்பறம் முப்பத்து நாலு நிமிசம் நாலு மீட்டரத் தாண்டல. கவுத்து நீளம் அவ்வளவுதான். அது அண்ணியச் சுத்தித்தான் நின்னுருக்குது."

அண்ணன் திரையை அருகில் இழுத்தார். "நடுவுல இந்த வட்டமெல்லாம் என்ன?"

"நின்ன எடம்."

எண்ணினார். "கடைசி எடத்தோட ஒம்போது."

"ஆமா. நாப்பத்திரண்டு நிமிசத்துல பதினாலு நிமிசம் நின்னுருக்காங்க. ஜனவரில ஒரு நடைக்கு ஏழு எடம். டிசம்பர்ல நாலு. நவம்பர்ல ரெண்டு."

"நாயி மோப்பம் புடிச்சுதா?"

"மோப்பம் புடிக்கற நாய் அங்கயும் இங்கயும் போகும், புள்ளி செதறியிருக்கும். இதுல அசையாம இருக்குது. அண்ணி நின்னாங்க. அது காத்திருந்துச்சு."

அண்ணன் நிமிர்ந்தார். "மூணு மாசமா நின்னு நின்னுதான் போயிட்டிருந்தாளா? உன் பட்டியல்ல நல்லா நடக்கறான்னு போட்டயே?"

"நின்னதை நான் கழிச்சுட்டேன்."

"ஆசுபத்திரிக்குப் போகட்டுமான்னு உங்கிட்டக் கேட்டாளா?"

"கேட்டாங்க."

அண்ணன் என்னை அடித்திருந்தால் சரியாக இருந்திருக்கும். அடிக்கவில்லை. எழுந்து, செருப்பு போடாமல் பம்பு செட்டுக்கு நடந்தார். கொஞ்ச நேரத்தில் டீசல் அவர் பின்னால் வந்தது. அம்மா என்னையும் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. நாயைப் பார்த்து, "சோறு தின்னயா சாமி?" என்றார். உள்ளே போய்த் தட்டோடு வந்தார். லாரிக்காரரிடம் யாரோ, "ஒண்ணுமில்லீங், வெச்சுருங்" என்றார்கள்.

நாய் இழுத்தது என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிலர் பேசியும் இருப்பீர்கள். அது தவறு. அதை எழுதத்தான் இந்த அஞ்சலியை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பட்டியல் சரியாக இருந்திருந்தால் அண்ணி பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலை ஆறுதலாக எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

அன்றிலிருந்து அண்ணன் என்னோடு பேசவில்லை. ஆனால் தினமும் மாலை ஐந்து மணிக்கு டீசலோடு வாய்க்கால் கரைக்குப் போகிறார். கடிகாரம் கட்டுவதில்லை. டீசலின் பட்டை எழுதுகிறது. நேற்றோடு பதினோரு நடை. ஒன்பது வட்டங்கள், அதே இடங்களில்: மதகு, இரண்டாவது மின்கம்பம், புளியமரம், பால் சங்கத்தின் பழைய கொட்டகை, அப்படியே கடைசி வரைக்கும். டீசல் நிற்கிறது. அண்ணன் அதை இழுப்பதில்லை.

அண்ணியிடமிருந்து என்னிடம் இருப்பது அவர் கடிகாரம். சார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்கிறேன். திரையில் இன்னும் 412-ஆம் நடை நிற்கிறது. "தொடரவா? முடிக்கவா?" என்று கேட்கிறது. நான் இன்னும் தொடவில்லை.

செய்யப்போவது:

1. ஞாயிறு அன்று நடை தொடங்கும் முன் எல்லோருடைய கடிகாரத்திலும் ஆட்டோ பாஸை அணைப்பேன். கழற்றிக் கொடுங்கள். விவாதம் வேண்டாம்.

2. இனிப் பட்டியலில் வேகமும் வரிசை எண்ணும் இருக்காது. மொத்த நேரமும் நின்ற இடங்களும் மட்டும் இருக்கும். ஒருவர் நிற்பது கூடினால் நான் வீட்டுக்கு வருவேன். நாயைச் சாக்குச் சொன்னால் நாயின் பதிவைப் பார்ப்பேன்.

3. அண்ணனுக்கும் அம்மாவுக்கும் நெஞ்சுப் பரிசோதனை. என்னோடு அண்ணன் வர மாட்டார். லைன்மேன் கூட்டிப் போகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

4. காந்தலூர். அந்த அம்மாவின் பெயர் தெரியாது. பூண்டு வயலின் இடம் பதிவில் இருக்கிறது. நேரில் போய், நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொல்ல வேண்டும். எதற்கு என்று கேட்டால் அதையும் சொல்ல வேண்டும்.

5. நாளை மாலை ஐந்து மணிக்கு வாய்க்கால் கரை. அண்ணன் விரட்டாவிட்டால் இருபதடி பின்னால் நடப்பேன். அவர்கள் நிற்கும்போது நிற்பேன்.

6. ஒன்பதாவது இடத்தில், அண்ணி விழுந்த இடத்தில், 412-ஐ முடிப்பேன். கடிகாரம் 28 நிமிடம் என்று காட்டும். கையால் திருத்தி 42 என்று எழுதுவேன்.